நின்று சொல்வேன்

(தபால் அட்டை)
கீழ்பென்னாத்தூர்
10.2.2025

இனியனுக்கு,

அன்புள்ள என்று போடவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

போனில் பேசினால் நீ அழுகிறாய். உன் அழுகையைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. அதனால்தான் உன் நம்பரை அழித்துவிட்டுத் தபால் அட்டையில் எழுதுகிறேன். அட்டை என்றால் உங்கள் ஆயுதப்படை வளாகத்தில் தபால் வாங்குகிறவர் முதல் உன் பக்கத்துக் கட்டில்காரன் வரை படிப்பார்கள். படிக்கட்டும்.

நேற்று உன் அம்மா மணியம்மாள் தட்டோடு வந்தார்கள். பூ, பழம், வெற்றிலை. என் தங்கை வேதாவை உனக்குக் கேட்டு. எங்கள் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "எம் புள்ளைய மலையிலேர்ந்து தோள்ல தூக்கினு வந்தவன். அவனே மருமகனா வர்றான்னா அண்ணாமலையாரே வந்த மாரி" என்று அழுதது. நானும் அங்கேதான் சக்கர நாற்காலியில் இருந்தேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் கேட்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், தீபத்துக்கு மறுநாள், நீயும் நானும் மலையிலிருந்து இறங்கும்போது நான் பாறையில் வழுக்கி விழுந்தேன். விழுந்து கிடந்தபோது என் வலது கால் கட்டைவிரல் அசைந்ததா இல்லையா?

பதிலை அட்டையிலேயே போடு.

வளவன்


தூத்துக்குடி
17.2.2025

அன்புள்ள மச்சான் வளவனுக்கு,

இனியன் எழுதுவது. உன் அம்மா பாஞ்சாலை அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்.

கும்பிட்டுக் கேட்கிறேன், இனி அட்டையில் எழுதாதே. தபால் வாங்குகிற ஏட்டு படித்துவிட்டு, "என்னய்யா, கட்டவெரல் கேஸா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். இதை மூடிய உறையில்தான் அனுப்புகிறேன். நீயும் அப்படியே அனுப்பு.

அசைந்தது. நான் மறைக்கவில்லை. அசைந்ததால்தான் உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்தேன். "காலு ஆடுதுடா, ஒண்ணுமில்ல, வா" என்று நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். விரல் ஆடினால் எலும்பு நன்றாக இருக்கிறது என்றுதானே நம் ஊரில் யாரும் நினைப்பார்கள்? புளியமரத்திலிருந்து விழுந்தவனையும் கிணற்றில் விழுந்தவனையும் அப்படித்தானே தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறோம்? யாராவது பலகை கொண்டு வா என்று உட்கார்ந்திருக்கிறோமா?

அங்கே சிக்னல் கிடையாது. குளிர் வேறு. உன்னை விட்டுவிட்டு இறங்கி ஆள் கூட்டி வர எனக்கு மனசு வரவில்லை. முழு மலையையும் உன்னைச் சுமந்துகொண்டு இறங்கினேன். பாதி வழியில் என் முழங்கால் கழன்றுவிடும் போல இருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பொன்னாடை போடச் சொல்லி நான் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் பேனர் வைக்கச் சொல்லியும் கேட்கவில்லை.

வேதா விஷயத்தில் அம்மா கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது. முதலில் உன்னிடம்தான் நான் பேசியிருக்க வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

உன்
இனியன்


(நான்கு தபால் அட்டைகள், எண் போட்டு)
கீழ்பென்னாத்தூர்
24.2.2025

1

இனியனுக்கு,

சிக்னல் இல்லை என்கிறாய். சரி. நீ என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது கிரிவலப் பாதையில் சடையன் ஆட்டோவைத் திருப்பி நிறுத்திவிட்டு, பின் சீட்டுத் துணியை உதறிக்கொண்டிருந்தான். அவனுக்கு யார் சொன்னது? புறா விட்டாயா?

சடையனுக்குப் போன கால் 108க்கு ஏன் போகவில்லை என்று நான் சொல்லவா? 108 வந்தால் பின்னாலேயே வனத்துறை வரும். பர்மிஷன் இல்லாமல் மலை ஏறினதுக்குக் கேஸ் வரும். நீ போலீஸ் வேலைக்குத் தேர்வாகி, விசாரணைக்கு ஆள் வரக் காத்திருந்த சமயம் அது. ஒரு கேஸ் இருந்தால் காக்கிச் சட்டை காற்றோடு போச்சு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே.

2

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "விழுந்த உடனே கால்ல அசைவு இருந்துதா?" என்று. இருந்தது என்றேன். "எப்டி கொண்டாந்தாங்க?" என்றார். தோளில் போட்டு என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. விழுந்தபோது பாதிதான் போயிருந்தது. மீதியை உன் தோள் முடித்தது.

நான் கத்தினேன் இனியா. "எறக்குடா, முதுகுல என்னமோ ஆவுது" என்று கத்தினேன். நீ "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்றாய்.

3

இப்போது என் கால் ஆடுகிறது, தெரியுமா? வேங்கிக்காலில் ஒரு மறுவாழ்வு மையம் இருக்கிறது. அங்கே பிரசாத் என்கிற பிசியோ ஒரு கருவியைப் பழக்கிவிட்டார். எங்கள் அம்மாவுக்கு அது கரண்ட்டுப் பெட்டி. தொடை முடியை வழித்துவிட்டுப் பட்டைகளை ஒட்ட வேண்டும். வேதாதான் ஒட்டுகிறாள். திருகைத் திருப்பினால் தொடைச் சதை முறுக்கிக்கொண்டு எழும். கால் தானாக நீளும். நாற்காலிக்கு முன்னால் மாட்டிய சைக்கிளைப் பெடல் போடும். எனக்கு அதில் எந்த உணர்ச்சியும் கிடையாது. வேறு எவனோ மிதிப்பதை உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருக்கும்.

குச்சியாகப் போயிருந்த தொடையில் சதை பிடித்திருக்கிறது. புட்டத்தில் இருந்த படுக்கைப்புண் ஆறிவிட்டது. இது போன காலைத் திரும்பக் கொண்டு வராது என்று பிரசாத் முதல் நாளே சொல்லிவிட்டார். நல்ல மனுஷன், பொய் சொல்வதில்லை. ஆனால் தொடையும் கையும் தேறினால், கம்பியைப் பிடித்துக்கொண்டு, கரண்ட்டு ஓடுகிற வரைக்கும் கொஞ்ச நேரம் நிற்கலாம் என்றார்.

4

அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் போதும்.

வைகாசியில் நிச்சயதார்த்தம் என்று பேசியிருக்கிறார்கள். மண்டபத்தில் இரண்டு ஊர் ஜனமும் இருக்கும். உனக்குப் பொன்னாடை போட்டவர்களும் இருப்பார்கள். தட்டு மாற்றுகிற சமயத்தில் நான் எழுந்து நிற்பேன். நின்று சொல்வேன். உட்கார்ந்து சொன்னால் நொண்டியின் புலம்பல் என்பார்கள். நின்று சொன்னால் அது சாட்சி.

அதற்காகத்தான் காலையும் மாலையும் மல்லாட்டைக் கடலை மூட்டையைக் கையால் தூக்கி இறக்குகிறேன். என்னைப் போல ஆர்வமான ஆள் மையத்திலேயே இல்லை என்கிறார் பிரசாத். எதற்கு இந்த ஆர்வம் என்று அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்தால் போதும்.

வளவன்


தூத்துக்குடி
5.3.2025

வளவா,

நாலு அட்டையும் வந்து சேர்ந்தது. நான் பரேடு முடிந்து வருவதற்குள் இரண்டாவது அட்டை இரண்டு பிளாட்டூன் கைமாறிவிட்டது. உனக்குச் சந்தோஷம்தானே?

சொல். நின்று சொல், பறந்து வேண்டுமானாலும் சொல். ஆனால் சொல்லும்போது முழுசாகச் சொல். "வாடா மச்சான் போலாம், யாரு பாக்கப் போறா" என்று என்னை மலைக்கு இழுத்தது யார்? நான் வரவில்லை என்று சொன்னேனா இல்லையா? விசாரணைக்கு ஆள் வருகிற நேரம், வம்பு வேண்டாம் என்றேன். பயந்தாங்கொள்ளி என்றாய்.

மலையில் செருப்பு போடாதே என்றேன். ஏறும்போது வெறுங்காலில் ஏறியவன், இறங்கும்போது முள் குத்துகிறது என்று பையிலிருந்து எடுத்து மாட்டினாய். அந்த ரப்பர் செருப்புதான் வழுக்கியது. ஊரில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். சாமி மலையில் செருப்புக் காலோடு நடந்தான், சாமி தள்ளிவிட்டது என்கிறார்கள். நான் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. யார் சொன்னாலும் வாயை அடைத்திருக்கிறேன்.

எனக்கும் கோபம் வரும் வளவா. விழுந்தது நீ. தூக்கினவன் மேல் கேஸ் எழுதுகிறாய்.

சடையனுக்குப் போன் போட்டது வாஸ்தவம். 108க்குப் போடாததற்கு நீ சொன்ன காரணம் பாதி சரி. மீதி, அந்த நேரத்தில் எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. இவ்வளவுதான் எழுத முடியும்.

இரண்டு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தவன் வேதாவை எனக்குக் கேட்ட பிறகு ஏன் திறக்கிறாய்? அதை யோசித்துப் பார்.

இனியன்


(தபால் அட்டை)
கீழ்பென்னாத்தூர்
12.3.2025

இனியனுக்கு,

செருப்பைப் பற்றி எழுதிவிட்டாயே. கடைசியில் நீயும் எழுதிவிட்டாய். சரி, இருக்கட்டும்.

மண்டபம் வேண்டாம். உனக்கு ஒரு வழி விடுகிறேன். பங்குனியில் லீவு போட்டு வீட்டுக்கு வா. ஒரு நாள் என் உடற்பயிற்சியை நீ செய்துவிடு. என்னைக் கட்டிலிலிருந்து தூக்கிச் சைக்கிளில் உட்காரவை, பட்டை ஒட்டு, திருகைத் திருப்பு. நீ கெடுத்த காலை நீயே கையால் தொட்டுப் பார். அதற்குப் பிறகு நான் எந்த மண்டபத்திலும் வாயைத் திறக்க மாட்டேன். இது சத்தியம்.

வேதா கூட இருப்பாள். அவளிடம் நான் இதுவரை எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

வளவன்


தூத்துக்குடி
14.4.2025

அன்புள்ள மச்சான் வளவனுக்கு,

சித்திரைப் பிறப்பு வாழ்த்துகள். பத்திரமாக வந்து சேர்ந்தேன். எங்கள் வீட்டுக்குக் கூடப் போகாமல் வந்த வழியே பஸ் ஏறியதில் அம்மாவுக்கு வருத்தம்தான். ஒரு நாள் லீவுக்கு அவ்வளவுதான் முடிந்தது.

உன் வீட்டுப் படி ஏறும்போது நீ காறித் துப்புவாய் என்று எதிர்பார்த்தேன். "வா மச்சான்" என்றாய். அந்த ஒரு வார்த்தைக்காக நான் இன்னொரு தடவை தூத்துக்குடியிலிருந்து வருவேன்.

"தூக்குடா, அன்னைக்கு மாரியே தூக்கு, பாக்கலாம் இன்னும் தெம்பு கீதான்னு" என்று நீ சிரித்தபோது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து உன்னைத் தோளில் போட்டேன். எடை கம்மியாகிவிட்டாய் மச்சான், அது மட்டும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. வேதா கையில் பட்டைகளோடு நின்றுகொண்டிருந்தாள். "அன்னைக்கும் மலையில இப்டித்தான் தூக்குனீங்களா மாமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உன் தலை பின்னால் தொங்காமல் இருக்க இடது கையால் எப்படிப் பிடித்தேன் என்றும் காட்டினேன். எவ்வளவு தூரம் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். அவள் கண் கலங்கியிருந்தது. அவள் எனக்காகக் கண் கலங்கியது அதுதான் முதல் தடவை.

உன் கால் பெடல் போட்டதைப் பார்த்தபோது என்னால் தாங்க முடியவில்லை. அது நீ அறிந்ததுதான்.

பிறகு பட்டையை எனக்கு ஒட்டினாயே, அதற்கு எனக்குக் கோபம் இல்லை. முதலில் எறும்பு ஊர்கிற மாதிரிதான் இருந்தது. நீ திருகத் திருக, தொடையைக் கொறடு போட்டு முறுக்குவது போல ஆகி, கட்டிலிலிருந்து துள்ளிவிட்டேன். போலீஸ்காரன் இப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. "இன்னும் பாதி கூட வரல. எனக்கு இதுக்கு மேல ஓடுது. ஒண்ணும் தெரியாது" என்று நீ மெதுவாகச் சொன்னாய். நான் கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் நிறுத்தினாய். வேதா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். பாவம், பயந்துபோயிருப்பாள்.

என் தொடையில் இன்னும் சிவப்புக் குறி இருக்கிறது. இருக்கட்டும். நம் கணக்கு இதோடு தீர்ந்தது என்று எடுத்துக்கொள்கிறேன். நீ வேதாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய். உன்னைப் போல ஒரு மச்சான் கிடைக்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

உன்
இனியன்


(இரண்டு தபால் அட்டைகள்)
கீழ்பென்னாத்தூர்
21.4.2025

1

இனியனுக்கு,

தட்டு திரும்பி வந்த செய்தி உனக்கு எட்டியிருக்கும். வேதாவே எடுத்துக்கொண்டு போய் உங்கள் வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். என்ன காரணம் என்று உன் அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லவில்லையாம். காரணத்தை நான் சொல்கிறேன்.

அந்த மையத்தில் வீட்டு ஆட்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்றே ஒன்று. முதுகில் அடிபட்டவனை எப்படித் தூக்குவது. தலையும் இடுப்பும் காலும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், மரக்கட்டையைப் புரட்டுகிற மாதிரி. வளைக்கக் கூடாது, மடக்கக் கூடாது, ஒரு ஆளாகத் தூக்கக் கூடாது. தோளில் போடவே கூடாது. போட்டால் என்ன ஆகும் என்று பிரசாத் முதுகெலும்புப் பொம்மையை வளைத்தே காட்டினார். வேதா அங்கே முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மலையில் நீ என்னை எப்படித் தூக்கினாய் என்று அவள் பார்த்ததில்லை. தோளில் தூக்கி வந்தான் என்று ஊர் சொன்னதை எல்லோரும் பாட்டு மாதிரிக் கேட்டார்கள். அவளும் அப்படித்தான் கேட்டாள். இப்போது பார்த்துவிட்டாள்.

2

என் முதுகில் கம்பி வைத்துத் தைத்திருக்கிறார்கள். இனி முறிய ஒன்றும் பாக்கி இல்லை. அந்தத் தைரியத்தில்தான் உன்னைத் தூக்கச் சொன்னேன். நான் வாயைத் திறக்கவில்லை. உன் தோளைப் பேச வைத்தேன். கரண்ட்டு வைத்தது சும்மா, என் ஆசைக்கு.

நீ பஸ் ஏறிய பிறகு வேதா வந்து கேட்டாள். "விழுந்ததும் உன் காலு ஆடுச்சாண்ணா?" நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான்.

எனக்கு இனி நிற்க வேண்டிய அவசியம்கூட இல்லை. தொடைக் குறியைத் தடவிப் பார்த்துக்கொள். அது உனக்குப் போய்விடும்.

வளவன்


(தபால் அட்டை)
தூத்துக்குடி
30.4.2025

வளவனுக்கு,

அன்புள்ள என்று நானும் போடவில்லை. இதை நானும் அட்டையில்தான் எழுதுகிறேன். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரர் காசியண்ணன் வாசலில் நின்று சத்தமாகப் படித்துக் காட்டட்டும்.

வேதா எனக்குப் போன் செய்தாள். அழவில்லை, திட்டவில்லை. "எங்கண்ணனுக்கு இது எப்பலேர்ந்து தெரியும்?" என்று மட்டும் கேட்டாள். ஆஸ்பத்திரியிலேயே தெரியும் என்று சொன்னேன். நான் அவளோடு போனில் பேசிய இரண்டு வருஷமும் தெரியும், பேசி முடித்துவிட்டு அவள் சிரித்துக்கொண்டே வந்து உனக்குப் பட்டை ஒட்டிய நாளெல்லாம் தெரியும் என்றேன். தட்டு மாற்றும்போது இரண்டு ஊர் முன்னாலும் எழுந்து நின்று சொல்வதற்காக வைத்திருந்தாய் என்பதையும் சொன்னேன். மண்டபத்தில் மாலையோடு நிற்கப்போகிறவள் அவள்தான் என்பது உனக்குத் தோன்றவே இல்லையா என்று நான் கேட்கவில்லை. அவளே கேட்டுக்கொள்வாள்.

நான் உன்னைத் தோளில் போட்டது தெரியாமல். நீ அவளைப் போட்டது தெரிந்து.

இனியன்


(மூடிய உறையில்)
கீழ்பென்னாத்தூர்
20.8.2025

இனியா,

காசியண்ணன் படித்தார். பாதியிலேயே அவருக்கும் குரல் இறங்கிவிட்டது. அம்மா முறத்தில் இருந்த மல்லாட்டையை மறுபடி முதலிலிருந்து புடைக்க ஆரம்பித்தது.

வேதா உனக்குப் போன் செய்த அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. வேலையில் குறை வைக்கவில்லை. காலையில் வருகிறாள், முடி வழிக்கிறாள், பட்டை ஒட்டுகிறாள், தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்கிறாள். திருகைத் திருப்பிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறாள். முன்பெல்லாம் என் கால் ஆடுவதைப் பார்த்து, "பாரும்மா, எங்கண்ணன் டான்ஸ் ஆடுது" என்று கேலி செய்வாள். உன்னைப் பற்றி வந்து சொல்வாள். மாமா இதைச் சொன்னாங்க, மாமா அதைச் சொன்னாங்க என்று. நான் கேட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மூட்டையைத் தூக்குவேன். அது எனக்கு நல்ல தெம்பாக இருந்தது. அவளைப் பற்றி ஒரு நாளும் நான் நினைக்கவில்லை. உன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று வேங்கிக்காலில் நின்றேன்.

இரண்டு பக்கமும் கம்பி. தொடையிலும் புட்டத்திலும் பட்டை. பிரசாத் பின்னால், இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டு. திருகு வேதா கையில். ஒன்று, இரண்டு என்று அவர் எண்ணியதும் வேதா திருப்பினாள். முழங்கால் இரண்டும் டக்கென்று நேராகி, நான் மேலே போனேன். எனக்குத் தலை சுற்றியது. ஜன்னலில் மலை முழுசாகத் தெரிந்தது. பிரசாத் "சூப்பர் வளவன், சூப்பர்" என்றார். மற்ற நாற்காலிகளில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அம்மா ஓரமாக நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டது.

விழுந்ததிலிருந்து இப்போதுதான் வேதாவை மேலிருந்து பார்க்கிறேன். நான் அண்ணாந்தே பார்த்துப் பழகிவிட்டேன். அவள் வகிடு தெரிந்தது. இளைத்திருக்கிறாள். இவ்வளவு நாள் பக்கத்தில் இருந்தும் நான் அதைப் பார்க்கவில்லை.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசினாள்.

"சொல்லுண்ணா. நின்னு சொல்லணும்னு இருந்தியே. சொல்லு."

எனக்கு வாய் வரவில்லை இனியா. ராத்திரி பகலாக மனப்பாடம் செய்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. இடம் இருந்தது, ஜனம் இருந்தது, நின்றுகொண்டும் இருந்தேன். சொல்ல ஆள் அவள் ஒருத்திதான் இருந்தாள். அவளுக்குச் சொல்ல வேண்டியது வேறு. அதை நான் தயார் செய்து வைக்கவில்லை.

அவள் சொல்லிக்கொடுத்தபடி திருகை மெதுவாகக் குறைத்தாள். என் முழங்கால் விட்டது. பிரசாத் வாரைப் பிடிக்க, அவள் முன்னால் வந்து என்னைத் தாங்கி நாற்காலியில் உட்காரவைத்தாள். தலை, இடுப்பு, கால், ஒரே கோட்டில். எங்கேயும் வளையவில்லை. பிறகு பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து அவற்றின் பிளாஸ்டிக் தாளில் ஒட்டி வைத்துவிட்டு, அந்த மையத்திலேயே வேலைக்குச் சேர்ந்திருப்பதாகவும் திங்கட்கிழமையிலிருந்து எனக்குப் பட்டை ஒட்ட அம்மாவுக்குப் பழக்கிவிடும்படியும் பிரசாத்திடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை.

உன்னை நான் மன்னிக்கவில்லை. அந்தக் கால் உன் தோளில்தான் போயிற்று. நூறு வருஷம் போனாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இதை எழுத அட்டையை எடுத்தபோது கை ஓடவில்லை. மடித்து, உறையில் போட்டு, பசை தடவி ஒட்டியிருக்கிறேன். உங்கள் ஏட்டு பிரிக்காமல் கொடுப்பார் என்று நினைக்கிறேன்.

பதில் போட வேண்டாம்.

வளவன்